சொந்த மனையில் கட்டுவதா, பழைய வீட்டை வாங்குவதா: கோவில்பட்டியில் ஒரு குடும்பம் எடுத்த முடிவு

நான் கட்டடப் பொறியாளர். "கட்டலாமா, கட்டின வீட்டை வாங்கலாமா" என்று வருடத்துக்கு நாலைந்து குடும்பமாவது கேட்டு வரும். பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு முடிவோடுதான் வருவார்கள், அதற்கு ஒரு ஆமாம் வேண்டும், அவ்வளவுதான். இந்தக் குடும்பம் அப்படி வரவில்லை. இரண்டு வழியையும் கடைசி வரை திறந்தே வைத்திருந்தார்கள், ஒவ்வொரு செலவையும் நோட்டில் எழுதினார்கள். அதனால்தான் முதலிலிருந்து முடிவு வரை எழுத முடிகிறது. அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர், தெரு எதுவும் இல்லை.

பின்னணி

2023 மே மாதம். கணவர் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர், மனைவி தனியார் மருத்துவமனையில் செவிலியர். இரண்டு பிள்ளைகள், மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு, சின்னவன் ஐந்தாம் வகுப்பு. கணவரின் அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. வாடகைக்கு இருந்தது மாடி வீட்டில், மாதம் 8,500 ரூபாய். அம்மா கீழே இறங்குவதே வாரத்துக்கு ஒருமுறை, கோயிலுக்கு என்றால் மட்டும். வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் வைத்திருப்பதால் ஒரு வருடத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம்.

கையில் இருந்தது 14 லட்சம் ரூபாய், கொஞ்சம் நகை. இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது 78,000. இது தவிர ஊருக்கு வெளியே ஒரு ஊராட்சி எல்லையில் 4 சென்ட் மனை, அதாவது சுமார் 1,742 சதுர அடி. 2013-ல், கணவரின் அப்பா உயிரோடு இருக்கும்போது அவர் கையால் அட்வான்ஸ் கொடுத்து வாங்கியது. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவாக இருந்தது. 2016-ல் அப்படிப்பட்ட மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றத் தடை வந்து, 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தபோது, பணம் கட்டி 2018-ல் வரன்முறை செய்து வைத்திருந்தார்கள். அதைச் செய்யாமல் விட்டிருந்தால் கட்டுவது என்ற வழியே இருந்திருக்காது, அந்த மனைக்கு வங்கிக் கடன் கிடைத்திருக்காது.

கணவருக்குக் கட்ட ஆசை. அப்பா வாங்கிய இடம் என்பது அவருக்குப் பெரிய விஷயம், அதை நான் குறைத்து எழுத மாட்டேன். மனைவிக்கு எதுவானாலும் சரி, அத்தை படி ஏறாமல் இருக்க வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் ஊருக்குள் 3 சென்டில், 1998-ல் கட்டிய 1,050 சதுர அடி தரைத்தள வீடு ஒன்று விலைக்கு வந்தது. கேட்ட விலை 42 லட்சம்.

முதல் கணக்கும் அதில் விட்டுப்போனதும்

என்னிடம் வரும்போது கணவர் ஒரு தாளில் கணக்கு எழுதி வைத்திருந்தார். 1,100 சதுர அடி, காண்ட்ராக்டர் சொன்ன ரேட் சதுர அடிக்கு 2,200, ஆக 24.2 லட்சம். எதிர்ப்பக்கம் 42 லட்சம். "சார், பாதி விலைக்குப் புது வீடே வருது, எதுக்குப் பழசை வாங்கணும்?" என்று கேட்டார்.

அந்தத் தாளில் இருந்த ஒவ்வொரு எண்ணும் சரிதான். விட்டுப்போனவைதான் பிரச்சினை. காண்ட்ராக்டரின் 2,200 ரூபாயில் சுற்றுச்சுவர் இல்லை, போர் (ஆழ்துளைக் கிணறு) இல்லை, தரைத்தொட்டி இல்லை, செப்டிக் டேங்க் இல்லை, மின் இணைப்பும் வரைபட அனுமதியும் இல்லை, சமையலறை அலமாரிகள் இல்லை. அவர் ஒளிக்கவில்லை, தன் கொட்டேஷனின் இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார். விசாரித்து எழுதியபோது சுற்றுச்சுவர் 2.4 லட்சம், போர் 1.6, தொட்டியும் செப்டிக் டேங்கும் 1.9, இணைப்பு, அனுமதி வகையில் 0.9, மர வேலை 2.5. மொத்தம் 9.3 லட்சம்.

அப்புறம் கட்டி முடிக்கும்வரை வாடகை. பத்து மாதத்தில் சாவி தருகிறேன் என்று காண்ட்ராக்டர் சொன்னாலும், பூமி பூஜையிலிருந்து பால் காய்ச்சும் வரை 14 மாதம் என்றுதான் நான் கணக்கு வைப்பேன். அதற்கு 1.19 லட்சம். வங்கி கடனைக் கட்டம் கட்டமாக விடுவிக்கும்போது அதுவரை வாங்கிய தொகைக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 25 லட்சம் கடன், 8.7 சதவீதம், சராசரியாகப் பாதித்தொகை வெளியே நிற்கிறது என்று வைத்தால் 1.27 லட்சம்.

இதை எல்லாம் அவர் உடனே ஏற்றுக்கொண்டார். ஏற்க மனம் வராதது மனையின் விலை. "அது நம்ம இடம்தானே சார், அதுக்கு என்ன செலவு?" என்றார். அந்த மனை அன்று 10 லட்சத்துக்குப் போகும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். வீட்டை வாங்கினால் மனையை விற்றுப் பணமாக்கலாம், கட்டினால் அந்தப் பத்து லட்சம் வீட்டுக்குள் போய்விடும். கையில் இருக்கிற அரிசியும் காசு கொடுத்து வாங்கியதுதானே. சொந்த மனை வைத்திருக்கும் ஏறக்குறைய எல்லாக் குடும்பமும் இந்த இடத்தில்தான் கணக்கைத் தவறவிடுகிறது, அதனால் இதற்காகவே ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பேசினோம்.

மனையில் பார்த்தது

கோவில்பட்டிப் பக்கம் மண்ணைப் பார்க்காமல் வீடு பற்றிப் பேசக் கூடாது. கரிசல் பூமி. கோடையில் கை நுழைகிற அளவு வெடிக்கும், மழையில் தண்ணீரைக் குடித்து உப்பும். மேலே இருக்கும் கட்டடத்தை வருடா வருடம் தூக்கி இறக்கும். ஆழமில்லாமல் அஸ்திவாரம் போட்ட வீடுகளில் செங்கல் இணைப்பு வழியாகப் படிக்கட்டு மாதிரி விரிசல் ஏறுவது இதனால்தான், சிமெண்ட் குறைவாகப் போட்டதால் மட்டும் அல்ல.

ஆவணியில் மனையின் இரண்டு மூலைகளில் குழி எடுத்தோம். ஏழடி வரை கரிசல், அதற்குக் கீழே கெட்டியான சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கல் படிவு. மண்ணை எடுத்து வந்து உப்பல் சோதனை செய்தேன். சலித்த காய்ந்த மண் 10 கிராம் ஒரு அளவுக் குழாயில் தண்ணீரோடு, இன்னொரு 10 கிராம் மண்ணெண்ணெயோடு, 24 மணி நேரம் அப்படியே வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் மண் உப்பாது, தண்ணீரில் உப்பும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மண்ணின் குணம். மண்ணெண்ணெயில் 11 மில்லி, தண்ணீரில் 19 மில்லி நின்றது. வித்தியாசம் 8, பதினொன்றில் 73 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே சாதாரண அஸ்திவாரம் போட நான் சம்மதிக்க மாட்டேன். சோதனையை அவர்கள் வீட்டு மேஜையிலேயே வைத்தேன், ஒன்பதாம் வகுப்புப் பெண்தான் மறுநாள் அளவைப் படித்து எழுதினாள்.

ஆக அந்த மனையில் பில்லர் குழிகளைச் சுக்கான் வரைக்கும், எட்டடிக்குக் கொண்டுபோக வேண்டும், பில்லர்களைத் தரைமட்டத்தில் பீம் போட்டுக் கட்ட வேண்டும், தரைக்கு அடியில் தோண்டிய கரிசலையே திரும்பக் கொட்டாமல் வெளியிலிருந்து சரளை வாங்கி நிரப்ப வேண்டும். கூடுதல் செலவு 3.2 லட்சம். காண்ட்ராக்டர் தன் ரேட்டில் நினைத்திருந்தது நாலரையடிக் குழி. நான் கேட்டதும் "எல்லாரும் அப்படித்தான் சார் போடுறாங்க" என்றார். உண்மைதான், அப்படிப் போட்ட வீடுகளின் விரிசலைப் பார்க்கவும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

எல்லாம் சேர்த்தால் கட்டடம் 24.2, அஸ்திவாரம் 3.2, விட்டுப்போனவை 9.3, வாடகை 1.19, வட்டி 1.27, மனை 10. மொத்தம் 49.16 லட்சம்.

பழைய வீட்டில் பார்த்தது

இந்த வீட்டுக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஐந்து முறை போனேன். முதல் முறை போனபோது புதிதாகப் பெயிண்ட் அடித்து மின்னியது. விற்பதற்கு முன் பெயிண்ட் அடிப்பது வழக்கம், தப்பு இல்லை, ஆனால் விரிசலைப் பட்டி வைத்து மூடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போய், சுவரை ஒட்டி நின்று பார்த்தால் பட்டி வைத்த கோடு தெரியும். மூன்று இடத்தில் தெரிந்தது. ஹாலின் ஜன்னல் மூலையில் ஒன்று, படுக்கை அறையில் ஒன்று, பின்பக்கம் சமையலறை மூலையில் ஒன்று.

விரிசல் இருப்பதை விட அது இன்னும் நகர்கிறதா என்பதுதான் முக்கியம். விற்பவரிடம் கேட்டு, மூன்று இடத்திலும் பட்டியைச் சுரண்டிவிட்டு, விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனையிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி ஒட்டி, தேதி எழுதி வைத்தேன். சுவர் கொஞ்சம் அசைந்தாலும் கண்ணாடி உடையும். ஐப்பசி மழை தொடங்கி நன்றாக ஊறிய பிறகு போய்ப் பார்த்தால், ஹாலிலும் படுக்கை அறையிலும் அப்படியே இருந்தது, சமையலறையில் உடைந்திருந்தது.

காரணத்தைத் தேடிப் போனால் பின்பக்கம் சுவரிலிருந்து எட்டடியில் நல்ல பெரிய வேப்பமரம், அதே மூலையில் மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் நேராக மண்ணில் கொட்டுகிறது. கோடையில் மரம் அந்த மூலை மண்ணின் ஈரத்தை உறிஞ்சி எடுக்கும், மழையில் குழாய் அதே மூலைக்குத் தண்ணீரைக் கொட்டும். வீட்டின் மற்ற மூன்று மூலையும் சும்மா இருக்க, இந்த ஒரு மூலை மட்டும் ஏறி இறங்கியிருக்கிறது. வெளிச்சுவரை ஒட்டிச் சின்னக் குழி எடுக்க அனுமதி கேட்டேன், விற்பவர் முதலில் தயங்கினார், மூடித் தருகிறோம் என்றதும் சம்மதித்தார். கரிசல் அங்கே ஐந்தடிதான், அஸ்திவாரக் கருங்கல் கட்டு ஆறடி வரை இறங்கிச் சுக்கான் மேல் உட்கார்ந்திருந்தது. 1998-ல் அந்த மேஸ்திரி ஒழுங்காக வேலை செய்திருக்கிறார். இது எனக்கு மிகப் பெரிய ஆறுதல், ஏனென்றால் சரியான அஸ்திவாரத்தில் நின்று 25 மழைக்காலம் பார்த்த சுவர் எங்கே விரியும் என்பதை ஏற்கெனவே காட்டிவிட்டது.

கூரை அவ்வளவு நல்ல நிலையில் இல்லை. குளியலறைக் கூரையில் காரை பெயர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிந்தது. சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல கான்கிரீட் கணீரென்று கேட்கும், உள்ளே பிரிந்த இடம் பொத்தென்று கேட்கும். குளியலறை முழுக்கப் பொத்துச் சத்தம், ஹாலில் ஒரு ஓரத்தில் மட்டும். சின்னத் துளை போட்டு பினால்ப்தலீன் தெளித்துப் பார்த்தேன். நல்ல கான்கிரீட் அதில் இளஞ்சிவப்பாக மாறும், காற்றுப் பட்டுப் பட்டு காரத்தன்மை போன பகுதி நிறம் மாறாது, அந்தப் பகுதி கம்பி வரை எட்டிவிட்டால் துருவுக்குக் கதவு திறந்த மாதிரி. ஹாலில் மேலாக 12 மில்லிமீட்டர்தான் நிறம் மாறவில்லை, கம்பியை எட்டவில்லை. குளியலறையில் கம்பியையும் தாண்டி உள்ளே போயிருந்தது. அந்தக் கூரையைத் தனியாக உடைத்துப் புதிதாகப் போடுவது தவிர வேறு வழியில்லை. மாடியில் செங்கல்தூளும் சுண்ணாம்பும் கலந்து போட்ட சுருக்கித் தளம் உயிரை விட்டிருந்தது, தட்டோடு நிறைய இடத்தில் தட்டினால் ஆடியது. வயரிங் பழையது, மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் கிடையாது.

ரிப்பேர் மதிப்பீடு இப்படி வந்தது: மொட்டைமாடித் தளம் 1.3 லட்சம், குளியலறைக் கூரை 0.7, வயரிங் 0.95, வீட்டைச் சுற்றி நாலடி சிமெண்ட் தளமும் மழைக்குழாயை மாற்றுவதும் 0.55, அம்மாவுக்கு மேலைநாட்டுக் கழிப்பறையும் பிடிமானக் கம்பியும் 0.6, பெயிண்ட் 0.7. ஆக 4.8 லட்சம்.

வேப்பமரத்தை வெட்டிவிடலாம் என்றார் விற்பவர். வேண்டாம் என்றேன். கரிசலில் வளர்ந்த மரத்தை ஒரே நாளில் வெட்டினால் அது குடித்துக்கொண்டிருந்த ஈரம் எல்லாம் மண்ணில் தங்கி, இறங்கிய மூலை இப்போது மேலே உப்பும். கிளையைக் கழித்து அளவாக வைத்தால் போதும், சுற்றுத்தளம் போட்டால் ஈரம் ஒரே சீராக இருக்கும். அம்மாவுக்கு இதில் ரொம்பச் சந்தோஷம்.

பத்திரத்தில் வந்த சிக்கல்

வீடு விற்பவரின் அப்பா பெயரில் இருந்தது. அவர் 2016-ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வாரிசு நான்கு பேர்: அவர் மனைவி, இரண்டு மகன்கள், மும்பையில் இருக்கும் ஒரு மகள். மகள் "பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்" என்று ஒரு முத்திரைத்தாளைக் காட்டினார்கள். பதிவு செய்யாதது. வீட்டுப் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்யாமல் செல்லாது, அந்தத் தாளை நம்பி வாங்கியிருந்தால் பத்து வருடம் கழித்து அந்தப் பெண்ணோ அவர் பிள்ளைகளோ நாலில் ஒரு பங்கு கேட்டால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். வக்கீல் ஒரே வார்த்தையில் சொன்னார்: நான்கு பேரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் வாங்குங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். வில்லங்கச் சான்றில் வேறு அடமானம் எதுவும் இல்லை, மூலப் பத்திரம் 1989-ஐச் சேர்ந்தது, அசலாகக் கையில் இருந்தது.

முடிவு எடுத்தது

விரிசல் படம், கூரைப் படம், ரிப்பேர் கணக்கு எல்லாவற்றையும் விற்பவர் முன்னால் வைத்துப் பேசினோம். 42 லட்சம் 38.5-க்கு வந்தது. இந்த விலை நியாயமா என்று பார்க்க நான் நிலத்தையும் கட்டடத்தையும் பிரித்தேன். அந்தத் தெருவில் சென்ட் 9 லட்சம், மூன்று சென்டுக்கு 27 போனால் கட்டடத்துக்குக் கொடுப்பது 11.5 லட்சம். அதே அளவு புதிதாகக் கட்ட 23 லட்சம் ஆகும். ஏறக்குறைய பாதி விலைக்கு, பாதி வயதைக் கடக்காத கட்டடம். சரி என்று பட்டது.

முத்திரைத்தாள் 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து 3.465 லட்சம். வக்கீல், எழுத்துக்கூலி 0.3. ரிப்பேர் 4.8. ஆக வாங்கும் வழியில் 47 லட்சத்துக்குச் சற்று மேல். கட்டும் வழியில் 49.16. இரண்டு லட்சம் வித்தியாசத்தை வைத்து யாரும் முடிவு எடுக்க முடியாது, என் மதிப்பீடுகளே அந்த அளவுக்கு முன்னே பின்னே போகும். அதை அவர்களிடம் வெளிப்படையாகவே சொன்னேன்.

அன்று ராத்திரி முடிவைத் திருப்பியது அம்மா கேட்ட ஒரு கேள்வி. "நீ பள்ளிக்கூடம் போயிருவே, இவ டூட்டிக்குப் போயிருவா. அங்க தெனமும் யாருய்யா நிப்பா?"

கணவர் பதில் சொல்லவில்லை. கம்பி கட்டியதைக் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் ஒருவர் எண்ணிப் பார்க்க வேண்டும். தளம் போட்ட பிறகு காலையும் மாலையும் தண்ணீர் நிறுத்த வேண்டும், மேஸ்திரி மூன்று நாள் செய்வார், நாலாம் நாள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) லோடு வரும்போது யாராவது நிற்க வேண்டும். நான் வாரத்துக்கு ஒருமுறை வரலாம், தினமும் முடியாது. மனை ஊரிலிருந்து ஏழு கிலோமீட்டர். மாமனார் இருந்திருந்தால் அவர் நின்றிருப்பார் என்று மனைவி மெதுவாகச் சொன்னார், அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

இன்னொன்று தண்ணீர். ஊருக்குள் நகராட்சிக் குழாயில் தாமிரபரணித் தண்ணீர் வரும். மனைப் பக்கம் போர்தான், அக்கம்பக்கத்துப் போர்த் தண்ணீரை நான் வாயில் வைத்துப் பார்த்திருக்கிறேன், உப்பு. குடிக்கத் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

வாங்குவது என்று முடிவாயிற்று. மார்கழி பிறப்பதற்குள் அக்ரிமெண்ட் போட வேண்டும் என்று அம்மா சொன்னதால் டிசம்பர் 13-ம் தேதி இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்துக் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தார்கள். 90 நாளுக்குள் நான்கு வாரிசுகளும் கையெழுத்துக்கு வராவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரி அதில் இருந்தது.

நாலு நாள் கழித்து வந்த மழை

டிசம்பர் 17, 18. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டக்காரர்களுக்கு அந்த இரண்டு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கோவில்பட்டியிலும் விடாமல் அடித்தது.

மழை விட்டு மூன்றாம் நாள் இரண்டு இடத்துக்கும் போனோம். மனைக்குப் போகிற மண்பாதை அரித்துப்போய் வண்டி போக முடியவில்லை, நடந்து போனால் முழங்கால் அளவு தண்ணீர் மனையில் நின்றது, அது வடிய இன்னும் ஒன்பது நாள் ஆனது. ஊருக்குள் இருந்த வீட்டில் தெருத் தண்ணீர் இரண்டாம் படி வரை வந்து நின்றிருக்கிறது, உள்ளே வரவில்லை. மொட்டைமாடி ஒழுகியது, அது எதிர்பார்த்ததுதான். ஹால் கண்ணாடி உடையவில்லை.

ஆனால் பின்பக்கம் செப்டிக் டேங்க் நிரம்பி வெளியே வந்துகொண்டிருந்தது. ஐந்து முறை போயும் அதன் மூடியை நான் திறந்து பார்க்கவில்லை. சுவர், கூரை, மண் என்று மேலும் கீழும் பார்த்தவன் அதை விட்டுவிட்டேன், அந்தத் தவறு முழுக்க என்னுடையது. அடித்தளம் போடாத வெறும் உறைக்கிணறு, அதன் மேல்குழாயைத் தெருச் சாக்கடையில் விட்டிருந்தார்கள். விலை பேசி முடித்து அக்ரிமெண்ட் போட்டாகிவிட்டது. அந்தச் செலவைப் பேரத்தில் கொண்டுவரும் வாய்ப்பு போய்விட்டது.

அந்த மழை நாங்கள் எடுத்த முடிவைச் சரி என்று காட்டியதாகப் பலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மனையில் தண்ணீர் தேங்கும் என்று எங்கள் கணக்கில் எங்குமே இல்லை. தெரியாமலே தப்பித்தோம்.

அதன் பிறகு

மும்பை மகள் பொங்கலுக்கு வந்தார். வரும்வரை எல்லோருக்கும் பதற்றம். அண்ணன்கள் தனக்கு ஒரு பங்கு கொடுத்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார், நியாயமான கேட்பு, அவர்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் நான்கு பேரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

வங்கியின் மதிப்பீட்டாளர் வீட்டுக்குப் போட்ட மதிப்பு 36 லட்சம்தான். வங்கி கிரய விலை, மதிப்பீடு இரண்டில் குறைந்ததைத்தான் எடுத்துக்கொள்ளும், முத்திரைத்தாள் செலவை அதில் சேர்க்காது. கடன் 29 லட்சம் கிடைத்தது, 20 வருடம், மாதத் தவணை சுமார் 25,500. பழைய வீடு வாங்குபவர்கள் கைப்பணம் எவ்வளவு வேண்டும் என்பதை இங்கேதான் குறைத்துப் போடுகிறார்கள்.

ரிப்பேர் பிப்ரவரியில் தொடங்கி மே மாதம் முடிந்தது. குளியலறைச் சுவரை உடைத்தபோது உள்ளே இருந்த இரும்புக் குழாய்கள் துருவில் அடைத்துப்போயிருந்தன, எல்லாவற்றையும் மாற்ற 0.45 லட்சம். செப்டிக் டேங்க் புதிதாகக் கட்ட 0.85. ஆக 4.8 என்று நான் சொன்ன வேலை 6.1 லட்சத்தில் முடிந்தது. 14 லட்சம் போதவில்லை, ஐந்தரை லட்சத்துக்கு நகைக்கடன் வைத்தார்கள். வைகாசியில் பால் காய்ச்சினார்கள். அம்மா வாசலில் இறங்கி முதல் நாளே தெருமுனை வரை நடந்து போய்வந்தார்.

மனை நினைத்த வேகத்தில் போகவில்லை. மழையில் அந்தப் பக்கம் தண்ணீர் நின்றதை ஊரே பார்த்துவிட்டது. 2025 ஆவணியில் 9.25 லட்சத்துக்குக் கைமாறியது, நகைகள் திரும்பி வந்தன. விற்ற அன்று கணவர் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு மனையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்ததாக மனைவி சொன்னார்.

மொத்தச் செலவு 38.5, 3.465, 0.3, 6.1 சேர்த்து 48.37 லட்சம். நகைக்கடன் வட்டியையும் ரிப்பேர் நடந்த மாதங்களின் வாடகையையும் சேர்த்தால் 49-ஐத் தொட்டுவிடுகிறது. கட்டியிருந்தாலும் ஏறக்குறைய அதே தொகைதான். கட்டும் கணக்கும் என் மதிப்பீட்டைத் தாண்டியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இன்னொரு முறை என்றால்

செப்டிக் டேங்க் மூடியையும் தண்ணீர்க் குழாய்களையும் முதல் நாளே பார்ப்பேன். அதற்குப் பிறகு நான் பார்த்த எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்கிறேன். சுவருக்குள் இருக்கும் குழாயைப் பார்க்க முடியாது, ஆனால் எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் தண்ணீர் நூலாக வருகிறதா என்று தெரியும், முதல் சொட்டில் துரு நிறம் வருகிறதா என்றும் தெரியும்.

பழைய வீட்டு ரிப்பேருக்கு நான் போடும் மதிப்பீட்டின் மேல் கால் பங்கு தனியாக எடுத்து வைக்கச் சொல்வேன். இங்கே 27 சதவீதம் தாண்டியது.

மனையைக் கோடையிலும் ஆவணியிலும் பார்த்தோம், மழை காலத்தில் பார்க்கவில்லை. ஒரு ஐப்பசி பொறுத்து, நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு அதன் பிறகு மதிப்புப் போட்டிருக்க வேண்டும். விற்பனைக்கு விடுவதாக இருந்தால் மழைக்கு முன்னாலேயே விட்டிருக்கலாம் என்பதும் உண்மை.

வாரிசுச் சிக்கலை வக்கீல் பார்த்தது அக்டோபர் கடைசியில், அதற்குள் நான் இரண்டு முறை போய் சோதனை எல்லாம் ஆரம்பித்துவிட்டேன். பத்திரத்தை முதலில் காட்டியிருக்க வேண்டும். நான்கு கையெழுத்தும் வராது என்றால் கண்ணாடித் துண்டுக்கே வேலை இல்லை.

2024 ஜூலைக்குப் பிறகு தமிழ்நாட்டில் 2,500 சதுர அடிக்குள் இருக்கும் மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட சுயசான்று முறையில் உடனடி அனுமதி வந்துவிட்டது. இந்தக் குடும்பம் இன்று முடிவு எடுப்பதாக இருந்தால் அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்கள் குறையும். ஆனால் அம்மா கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை, தினமும் நிற்க ஆள் இருக்கிற வீடாக இருந்தால் கட்டுவதையே நான் சொல்லியிருப்பேன்.

போன ஐப்பசியில் அந்தப் பக்கம் போனபோது உள்ளே கூப்பிட்டார்கள். சமையலறை மூலையில் புதிதாக ஒட்டிய கண்ணாடி ஒரு கோடைக்கும் ஒரு மழைக்கும் உடையாமல் இருக்கிறது. ஹாலில் ஜன்னல் மூலையில் இருக்கும் பழைய துண்டை எடுத்துவிட்டுப் பெயிண்ட் அடிக்கலாமா என்று அம்மா கேட்டார், வருகிறவர்கள் எல்லாம் அது என்ன என்று கேட்கிறார்களாம். இன்னும் ஒரு சித்திரை போகட்டும் அம்மா, கரிசல் நல்லா காய்ஞ்சு வெடிக்கிற நேரத்துல ஒருதரம் பாத்துட்டு எடுத்துருவோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.